நீலத் தண்ணி ரெண்டு மக்கு

மீன் விக்கிறவளான்னு கேட்டீங்களே, இல்லம்மா. இது மீன் வாசன கெடையாது. பாசி வாசன. பத்தொம்போது வருஷமா ஒடம்புல ஏறிப்போச்சு, எந்த சோப்புக்கும் போவாது. சங்கடமா இருந்தா சொல்லிடுங்க, பின்னாடி சீட்டுக்குப் போயிடறேன். பரவால்லயா? சரி. நீங்க நாகப்பட்டணம் வரைக்குமா? நான் நாகூரு. ஒங்களுக்கு முந்தின ஸ்டாப்பிங்.

எம் பேரு அமலோற்பவம். மரக்காணத்தாண்ட, கடலோரமா, எறால் குஞ்சு பொரிக்கிற கம்பெனியில வேல. பண்ண வச்சிருக்கிறவங்க எங்களாண்ட வந்து குஞ்சு வாங்கிட்டுப் போவாங்க. அதுல நான் பாசி ரூம்பு.

பாசின்னா கொளத்துல வழுக்குமே, அது இல்ல. இது கண்ணுக்கே தெரியாது. தண்ணியோட தண்ணியா மெதக்கும். தொட்டி நெறய சேந்து நின்னா தேன் நெறத்துல தெரியும், அவ்ளோதான். எறால் குஞ்சு பொரிஞ்சு ரெண்டு நாள் ஆனதும் வாயத் தொறக்கும். தொறந்த வாய்க்கு இந்தப் பாசிதான் தீனி. வேற எதுவும் அதால திங்க முடியாது, வாய் அத்தனூண்டு. தீனி இல்லன்னா ஒரு நாள் தாங்கும். மறுநாள் தொட்டி அடியில வெள்ளயாப் படிஞ்சு கெடக்கும். லட்சக்கணக்குல. அள்ளிக் கொட்ட வேண்டியதுதான்.

அந்தப் பாசிய வளக்கிறவ நான். படிச்சது எட்டாவதுதான். ஆனா தொட்டிய எட்டிப் பாத்தாப் போதும், பசியா இருக்கா, வயிறு நெறஞ்சிருக்கா, நாளைக்கு நிக்குமா கவுந்துடுமான்னு சொல்லிடுவேன். மைக்ராஸ்கோப்பு வச்சுப் பாத்துட்டு அப்புறமா அதையேதான் சொல்லுவாங்க. அப்பேர்ப்பட்ட என்ன ஒரு சின்னப் பொண்ணு வந்து ஒரே மாசத்துல ஒண்ணுந்தெரியாதவளா ஆக்கிட்டா. அதச் சொல்றேன், கேளுங்க. இன்னும் நாலு மணி நேரம் இருக்குல்ல?

ரெண்டு வருஷம் முன்னாடி, தை மாசம். எங்களுக்கு அதுதான் சீசன். பண்ணக்காரங்க எல்லாம் ஒரே நேரத்துல குஞ்சு கேப்பாங்க. அந்த வருஷம் பாத்து பாசி சரியா ஏறல. தேன் நெறத்துல நிக்க வேண்டியது, தண்ணி ஊத்துன டீ மாதிரி நிக்குது. ஒரு தொட்டி இல்ல, ஆறு தொட்டியும். நான் வெதப் பாசிய மாத்திப் பாத்தேன். யூரியா கூட்டிப் பாத்தேன். தொட்டியக் கழுவிக் காயப்போட்டு மறுபடி வச்சேன். ம்ஹூம்.

எங்க மேனேஜரு கோதண்டம் சாரு. மோசமான மனுசன் இல்ல, ஆனா குஞ்சு செத்தா பைத்தியம் மாதிரி ஆயிடுவாரு. அவரு ஒரு நாளு, "அமலா, ஒனக்கு ஒத்தாசைக்கு ஒரு படிச்ச பொண்ணு வருது"ன்னாரு. ஒத்தாசைக்குன்னுதான் சொன்னாரு. நல்லா ஞாபகம் இருக்கு.

வந்தா. நஸ்ரீன்னு பேரு. நாகூரு. மீனு சம்மந்தமா காலேஜுல படிச்சுட்டு நேரா எங்களாண்ட. இருவத்தி நாலு வயசு இருக்கும். ஒல்லி. கண்ணாடி. வந்ததும் "அக்கா, ஒங்ககிட்டதான் கத்துக்கணும்"னா. நல்லாத்தான் பேசுவா, அதச் சொல்லக் கூடாது. ஒரு டப்பாவுல துணி சுத்தி சின்னத் தராசு ஒண்ணு கொண்டாந்தா. கரண்டுல ஓடுறது. உப்புக் கல்லு ஒண்ண வச்சாக்கூட எடை காட்டும். அதுல நிறுக்கறப்போ ஃபேன நிறுத்தச் சொல்லுவா. "காத்துல எடை மாறுதுக்கா." மூச்சக்கூட அடக்கிக்கிட்டு நிறுப்பா. நாங்க வேத்து வழிய நிப்போம், இவ ஒரு சிட்டிக பொடிய வச்சுக்கிட்டு மூச்சுவுடாம நிப்பா. எனக்குச் சிரிப்பா வரும்.

ஏன்னா நான் எப்டி போடுவேன் தெரியுமா? மக்குல, குளிக்கிறப்ப தண்ணி மோந்து ஊத்துவோமே, அதுல. பாசிக்கு ரெண்டு தினுசு சத்து வேணும்மா. யூரியா மாதிரி பெரிய சத்து ஒண்ணு. இன்னொண்ணு கொசுறு மாதிரி. இரும்பு, துத்தநாகம், மாங்கனீசு, செம்பு, இப்டி. துளித்துளிதான். ஆனா அந்தத் துளி இல்லன்னா பெரிய சத்து எவ்ளோ போட்டாலும் ஏறாது. அந்தக் கொசுறுக்கு எங்ககிட்ட நீலத் தண்ணி இருந்துச்சு. முன்ன இருந்த சாரு, ஆந்திராக்காரரு, அவரு கத்துக்குடுத்த கலவ. மயில்துத்தம், செம்பு உப்பு, அது கொஞ்சம் தூக்கலா இருக்கும், அதான் நீலம். பத்து டன் தொட்டிக்கு ஒரு மக்கு. பதினேழு வருஷம் அப்டித்தான் ஊத்தினேன். பதினேழு வருஷமும் பாசி ஏறுச்சா இல்லயா?

அவ வந்து ஒரு வாரம் ஒண்ணும் பேசல. தண்ணிய மோந்து மோந்து டெஸ்ட் பண்ணா. அப்புறம் என்னக் கூப்ட்டு வச்சுச் சொன்னா.

"அக்கா, போன வருஷம் கரி ஃபில்டர் போட்டீங்கல்ல, அதுலதான் இருக்கு விஷயம்."

அதுக்கு முந்தின வருஷம் குஞ்சுக்கு நோவு வந்துச்சுன்னு மொதலாளி கடல் தண்ணி வர்ற எடத்துல பெருசா ஒரு கரி ஃபில்டர் வச்சிருந்தாரு. தண்ணி கண்ணாடியாட்டம் வரும்.

"கண்ணாடியாட்டம் வருதே, அதுல என்ன கொற?"

"அதான் கொற. கடல் தண்ணில இருந்த இரும்ப எல்லாம் அது புடிச்சுக்குது. பாசிக்கு இரும்பு இல்ல. அதான் வெளுக்குது. நாம இரும்பு போடணும். சும்மாப் போட்டாத் துருவாகி அடியில போயிரும், அதப் புடிச்சு வச்சுக்க ஒரு வெள்ளப் பொடி சேத்துப் போடணும்."

"நீலத் தண்ணி ஊத்தறேனே."

"அதுல இரும்பு ரொம்பக் கம்மி. செம்பு அதிகம். முன்னாடி தண்ணில கசடு இருந்துச்சு, அந்தக் கசடு செம்பப் புடிச்சு வச்சுக்கும். பாசிக்கு ஒண்ணும் ஆவல. இப்போ தண்ணி சுத்தம். புடிக்க ஆளில்ல. செம்பு நேராப் பாசியத் தாக்கும்."

கேட்டீங்களா? தண்ணி சுத்தமா இருக்கிறதுதான் தப்பாம். பதினேழு வருஷம் சோறு போட்ட நீலத் தண்ணி வெஷமாம். "சரி கண்ணு"ன்னு மக்க எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

அப்புறம் அவ எட்டு ஜாடி வச்சா. கண்ணாடி ஜாடி, ஒவ்வொண்ணும் இருவது லிட்டரு புடிக்கும். எட்டுக்கும் ஒரே பாசி, ஒரே தண்ணி, ஒரே வெளக்கு. கொசுறுச் சத்து மட்டும் எட்டுக்கு எட்டு அளவு. ஒண்ணாம் நம்பருக்கு ஒண்ணுமே இல்ல. அஞ்சுக்கு இரும்பும் வெள்ளப் பொடியும் சரியா. எட்டாம் நம்பருக்கு என் நீலத் தண்ணி. நாலாம் நாள் கோதண்டம் சாரக் கூப்ட்டா. சாரு மட்டுமா வந்தாரு? குஞ்சு ரூம்புக்காரங்க, பம்பு ஓட்டற ஆளு, கேட்டுல நிக்கிற வாட்ச்மேன் எல்லாம் வந்து எட்டிப் பாக்கிறாங்க.

அஞ்சாம் நம்பரு கருப்பட்டிப் பாகு மாதிரி திக்கா நிக்குது. எட்டாம் நம்பருல பாசியெல்லாம் செத்து அடியில கெடக்கு, மேல வெறும் தண்ணி.

"எட்டாவது என்ன சத்து?"ன்னு கேட்டாரு சாரு.

அவ என்னப் பாத்தா. அப்புறம் கீழ பாத்துக்கிட்டு, "நாம இது வரைக்கும் போட்டது சார்"னா.

'நாம'ன்னுதான் சொன்னா. ஆனா அங்க நின்ன அத்தன பேரும் என்னத்தானே பாத்தாங்க. வாட்ச்மேன்கூடப் பாத்தான்மா. சாரு, "இனிமே நஸ்ரீன் சொல்ற அளவுதான். அமலா, கேட்டுக்கோ"ன்னாரு. என் தொட்டி. என் ரூம்பு. கேட்டுக்கோவாம்.

கடலூரு வந்துருச்சு போல. கூட்டம் ஏறுது. பைய மடியில வச்சுக்குங்கம்மா.

அந்த வாரம்தான் பெரிய லாட் வந்துச்சு. அறுவது லட்சம் குஞ்சு. ஒரே நாள்ல பொரிஞ்சது. வியாழக்கெழம காலையில வாயத் தொறக்கும்னு கணக்கு. அதுக்குன்னு நாலாம் நம்பரு தொட்டி, பத்து டன், அவ பொறுப்புல வச்சிருந்தா. நிறுத்துப் போட்டு, கலந்து விட்டு, எல்லாம் அவதான். மத்த அஞ்சு தொட்டியும் அதே வெளுப்பு, அதுங்கள நம்ப முடியாது. நாலாம் நம்பருதான் உயிரு.

நான் காலையில ஆறரைக்கு வேலைக்கு வந்தேன். அவ இன்னும் வரல. ஹாஸ்டல்ல இருந்து ஏழு மணிக்குத்தான் வருவா. நேரா நாலாம் நம்பருக்குப் போனேன். எட்டிப் பாத்தேன். எனக்கு நெறம் போதல. தேன்தான், இல்லன்னு சொல்லல, ஆனா நான் பாக்கிற தேன் இல்ல. அறுவது லட்சம் வாயி. நீங்களே சொல்லுங்க, பத்தொம்போது... இல்ல, அப்போ பதினேழு வருஷம். பதினேழு வருஷம் பாத்த கண்ணு போதலன்னு சொல்லுது. சும்மா விட முடியுமா?

எப்பவும் போல நீலத் தண்ணி ஊத்தினேன். ரெண்டு மக்கு. ஒரு மக்குதான் வழக்கம், பெரிய லாட்டுங்கறதால ரெண்டு. அவ்ளோதான். காத்துக் குழாயத் தொறந்து விட்டுட்டு வேற தொட்டி கழுவப் போயிட்டேன். செவுத்துல போர்டு ஒண்ணு மாட்டி வச்சிருந்தா அவ. அதுல எழுதியிருந்துச்சு: நாலாம் தொட்டி, சத்து போட்டாச்சு, வேற எதுவும் சேர்க்க வேண்டாம். கொட்ட எழுத்துல. நான் படிச்சேன். படிக்கத் தெரியாதவ இல்ல. ஆனா போர்டு எழுதறவங்களுக்குத் தொட்டி நெறம் தெரியுமா?

எட்டு மணிக்குக் குஞ்சு வாய் தொறக்க ஆரம்பிச்சிருச்சுன்னு சொன்னாங்க. மொத தீனி போச்சு, நாலாம் நம்பருல இருந்து. நல்லாத்தான் போச்சு. ஒம்போதரை மணிக்கு ரெண்டாவது தீனி எடுக்க வந்த பொண்ணு, "அமலாக்கா, இன்னா நுரையா இருக்கு?"ன்னா. போய்ப் பாத்தேன். தொட்டி மேல அழுக்கு நுரை, ஓரமெல்லாம் ஒட்டிக்கிட்டு. தண்ணி நெறம்... சொல்லத் தெரியலம்மா. பாலு திரிஞ்சா எப்டி இருக்கும், பூத்துப் பூத்து, அப்டி.

நஸ்ரீன் ஓடி வந்தா. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்புல வச்சா. குனிஞ்சவ நிமுரல. அப்புறம் மெதுவா, "ஒடஞ்சு கெடக்கு. எல்லாம் ஒடஞ்சு கெடக்கு"ன்னா. என்னப் பாத்துக் கேட்டா:

"அக்கா, காலைல போர்டு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்"னேன்.

பாத்தேன்தானே? பொய்யா சொன்னேன்? அவ கேட்டது போர்டு பாத்தியான்னு. பாத்தேன்னு சொன்னேன்.

"அப்போ தப்பு என்னுதுதான்"னு சொல்லிட்டுத் தராசாண்ட ஓடினா. அவ கலவையிலயும் செம்பு உண்டு, துளி. ஒரு புள்ளி தள்ளி வச்சு நிறுத்துட்டோமோன்னு அவளுக்கு. புள்ளி ஒரு எடம் தள்ளுனா பத்து மடங்கு ஆயிருமாமே. நோட்ட எடுத்துப் பாக்கிறா, டப்பாவ எடுத்துப் பாக்கிறா, மறுபடி நிறுக்கிறா. ஃபேன நிறுத்தக்கூட இல்ல, தராசு நிக்க மாட்டேங்குது, எண்ணு ஓடிக்கிட்டே இருக்கு.

அதுக்குள்ள கோதண்டம் சாரு வந்துட்டாரு. கத்தல. அதான் பயமா இருந்துச்சு. போன எடுத்து வரிசையா பக்கத்துக் கம்பெனிங்களுக்குப் போடறாரு. "ஒரு டன்னு பாசி குடுங்க, அர டன்னு குடுங்க"ன்னு கெஞ்சறாரு. சீசன்ல எவன் குடுப்பான்? அவனவன் குஞ்சும் வாயத் தொறந்துகிட்டு இருக்கு. பத்தரை ஆச்சு. பதினொண்ணு ஆச்சு. குஞ்சு ரூம்புல இருந்து ஆளு வந்து சொல்லிக்கிட்டே இருக்கான். நல்லாத் தின்ன குஞ்சுன்னா பின்னாடி நூலு மாதிரி கழிவு தொங்கும். "நூலு கொறையுது சார்." அர மணி கழிச்சு, "பாதிக்கு நூலு இல்ல சார்." அப்புறம், "நீச்ச நின்னு போச்சு சார், காத்து தள்ற எடத்துக்குப் போவுது."

அப்பதான் நஸ்ரீன் எழுந்தா. அழுதுகிட்டே எழுந்து, "ஜாடி"ன்னா. அந்த எட்டு ஜாடி. அதுல மூணு ஜாடி நல்லாத் திக்கா இருந்துச்சு. நாலு, அஞ்சு, ஆறு. அறுவது லிட்டரு. பத்து டன் எங்க, அறுவது லிட்டரு எங்க? ஆனா திக்குன்னா அவ்ளோ திக்கு. ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் புடிச்சுத் தூக்கிட்டு ஓடினோம். நானுந்தாம்மா தூக்கினேன். கண்ணாடி வழுக்குது, தர ஈரம். "அக்கா, பாத்து, பாத்து"ன்னு அவதான் எனக்குச் சொல்லிக்கிட்டு வர்றா. எல்லாக் குஞ்சுக்கும் பத்தாது. எந்தத் தொட்டிக்கு ஊத்தறதுன்னு சாரு நின்னு யோசிக்கிறாரு. குஞ்சுத் தொட்டி பத்துல ரெண்டக் கை காட்டினாரு. மத்த எட்டும் எங்க கண்ணு முன்னாடியே பட்டினி. கதவச் சாத்திட்டு வந்துட்டோம்.

மறுநாள் காலையில எட்டு தொட்டி அடியிலயும் வெள்ள. ரெண்டு தொட்டி பொழச்சுது. ஒம்போது லட்சம் தேறுச்சு.

அப்புறம் ஆபீஸ் ரூம்புல விசாரண. நான் டீ கொண்டு போனேன், வாசப்படியாண்ட நின்னேன். சாரு கேட்டாரு, "என்னம்மா ஆச்சு? புள்ளி தள்ளிப் போட்டியா?" அவ தலையக் குனிஞ்சுகிட்டே, "நோட்டுல சரியாத்தான் சார் இருக்கு. ஆனா பாசி செத்தது செம்புலதான். எட்டாம் ஜாடி செத்த மாதிரியே செத்திருக்கு. நான்தான் தப்பா நிறுத்திருக்கணும்"னா.

"வேற யாராவது தொட்டாங்களா?"

"இல்ல சார். அக்கா போர்டு பாத்தாங்க."

சாரு என்னப் பாக்கல. நான் டீய மேசையில வச்சுட்டு வெளிய வந்துட்டேன். என்ன ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். யாரும் என்னக் கேக்கலயேம்மா.

ஏன் அப்டிப் பாக்கறீங்க? ஊத்துனது தப்புன்னு எனக்கு அன்னைக்கு எப்டித் தெரியும்? எட்டாம் நம்பரு ஜாடியா? அது சின்ன ஜாடி. ஜாடியும் தொட்டியும் ஒண்ணா?

நாலு நாள் இருந்தா. சும்மாவே உக்காந்து உப்ப நிறுத்துக்கிட்டு இருப்பா. ஒரு கிராம் வைப்பா, எடுப்பா, மறுபடி வைப்பா. நான் ஃபேன நிறுத்தட்டுமான்னு கேட்டேன். வேணாம்னுட்டா. அஞ்சாம் நாள் அவங்க அண்ணன் பைக்குல வந்து கூட்டிட்டுப் போயிட்டாரு. சாரு குடுத்த லெட்டருல கவனக்குறைவுன்னு ஒரு வார்த்த போட்டிருந்தாராம். கேட்டு வரைக்கும் போயி வழியனுப்பினேன். "வரேங்க்கா"ன்னா. அவ்ளோதான்.

அதுக்கப்புறம் சாரு ரெடிமேடா வர்ற சத்துப் பாக்கெட்டு வாங்க ஆரம்பிச்சாரு. ஒரு தொட்டிக்கு ஒரு பாக்கெட்டு. அதுல நல்லாவே ஓடுச்சு. மறுபடி என் ரூம்பு எனக்கு வந்துச்சு. ரெண்டு வருஷம். ஆனா பாருங்க, ஒரு ஆளுகூட நஸ்ரீனத் திட்டல. "பாவம், நல்ல பொண்ணு"ம்பாங்க. என்னப் பத்தி ஒரு நல்ல வார்த்த வராது. அதான் என் ஆத்தாம. தப்பு செஞ்சவ நல்ல பொண்ணு, ரூம்பக் காப்பாத்துனவ ஒண்ணுமில்ல. இப்டித்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். போன மாசம் வரைக்கும்.

போன மாசம் அந்தப் பாக்கெட்டு வரத்து நின்னு போச்சு. நான் பழையபடி நீலத் தண்ணிக்கு வந்தேன். ஒரு வாரத்துல ஆறு தொட்டியும் வெளுத்துருச்சு. சீசன் தொடங்கிருச்சு. கோதண்டம் சாரு எம்மேல எரிஞ்சு விழறாரு. கடைசியில அவரே, "அந்தப் பொண்ணு நம்பரு இருந்தா கேட்டுப் பாரு. நான் கேட்டா நல்லாருக்காது"ன்னாரு.

போட்டேன். மதியம், சாப்பாட்டு நேரம். மொத ரிங்குலயே எடுத்தா.

"அமலாக்கா! நல்லாருக்கீங்களா?"

எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. "நல்லாருக்கேன் கண்ணு. எங்க வேல?"

"நாகூருலதாங்க்கா. ஜெராக்ஸ் கடையில. பாசி வேலையெல்லாம் விட்டுட்டேன். இங்க நிறுக்க வேண்டியது ஒண்ணும் இல்ல, நிம்மதியா இருக்கு."

நான் விஷயத்தச் சொன்னேன். வெளுக்குது கண்ணு, இன்னா பண்றதுன்னு. அவ குரல் மாறிருச்சும்மா. பழைய நஸ்ரீனா ஆயிட்டா. தண்ணி எந்த ஃபில்டர்ல வருது, வெத எத்தன நாளு, ஒவ்வொண்ணாக் கேக்கிறா. அப்புறம் கேட்டா, "கொசுறுச் சத்து இப்போ எத போடறீங்க?"

"நீலத் தண்ணிதான். எப்பவும் போல ஒரு மக்கு. அன்னைக்கு மாதிரி ரெண்டெல்லாம் போடறதில்ல"ன்னேன்.

சொல்லிட்டேன். வாய் தவறியெல்லாம் இல்லம்மா. பேச்சோட பேச்சா வந்துச்சு. தப்புன்னு தோணாத விஷயம், அப்டித்தானே வரும்?

"என்னைக்கு ரெண்டு போட்டீங்க?"

போன அந்தக் காதுக்கு மாத்திப் புடிச்சேன்.

"நாலாம் தொட்டியிலயாக்கா? வியாழக்கெழமயா?"

"ஆமா கண்ணு. நெறம் போதலன்னு..."

அந்தப் பக்கம் கடையில மெசினு ஓடற சத்தம் மட்டும் கேக்குது. கட் ஆயிருச்சோன்னு போனப் பாத்தேன். ஆவல. அப்புறம் சொன்னா. கோவமா சொல்லலம்மா. கோவமா சொல்லியிருந்தா நானும் நாலு வார்த்த பேசியிருப்பேன்.

"அப்போ நான் சரியாத்தான் நிறுத்திருக்கேன்."

அவ்ளோதான். யாருக்கோ சொல்ற மாதிரி. "ரெண்டு வருஷமா தெனம் அந்தக் காலைய நெனச்சுப் பாப்பேங்க்கா. புள்ளி எங்க வச்சேன், டப்பா எது எடுத்தேன்னு. வீட்டுல சமைக்கிறப்ப உப்புப் போடக்கூடக் கை வராது, அம்மாவத்தான் போடச் சொல்லுவேன். நான் சரியாத்தான் நிறுத்திருக்கேன்."

வச்சிருவான்னு நெனச்சேன். வைக்கலம்மா. "எழுதிக்குங்கக்கா"ன்னா. பத்து டன்னுக்கு இரும்பு இத்தன கிராம், வெள்ளப் பொடி இத்தன, மாங்கனீசு இத்தன, எல்லாத்தையும் மெதுவா, ரெண்டு ரெண்டு தடவ சொன்னா. திருப்பிச் சொல்லச் சொன்னா. நான் திருப்பிச் சொன்னேன். "நீலத் தண்ணியக் கீழ கொட்டிருங்க, கடல்ல கொட்டாதீங்க"ன்னா. வச்சுட்டா.

அவ சொன்ன மாதிரியே போட்டேன். தராசு இன்னும் ரூம்புல இருக்கு, அவ எடுத்துட்டுப் போவல. ஃபேன நிறுத்திட்டு நிறுத்தேன். நாலாம் நாள் ஆறு தொட்டியும் ஏறிருச்சு. கருப்பட்டிப் பாகு. சாரு எல்லாரையும் கூப்ட்டு, "அமலா பாரு, கொண்டாந்துட்டா"ன்னாரு. ஆளாளுக்குக் கை தட்டறாங்க. எத்தன வருஷமா நான் கேக்க ஆசப்பட்ட வார்த்த. நிக்க முடியலம்மா அந்த எடத்துல.

அன்னைக்கே சாருகிட்ட ஆபீசுக்குப் போயிச் சொன்னேன். நான்தான் ஊத்தினேன்னு. ரெண்டு மக்குன்னு. அவரு பேனாவ மூடி வச்சாரு. "இப்ப சொல்லி இன்னா ஆவப்போவுது அமலா? பாசி நல்லா வருதுல்ல, அதப் பாரு"ன்னாரு. லெட்டர மாத்திக் குடுங்க சார்னேன். மொதலாளி கேட்டா இன்னா சொல்றதுன்னு இழுத்தாரு. நான் ரூம்ப விட்டு நவுரல. அரமணி நேரம் நின்னேன். அப்புறம் குடுத்தாரு. கவனக்குறைவு இல்லாத லெட்டரு. நானும் ஒரு தாளுல என் கையால நடந்தத எழுதி, கையெழுத்துப் போட்டு, அதோட வச்சிருக்கேன். பையில இருக்கு.

அவளுக்கு நேத்து போன் போட்டேன். லெட்டர் கொண்டு வரேன் கண்ணுன்னேன். "வராதீங்கக்கா"ன்னா. "எனக்கு அது தெரிஞ்சதே போதும். ஒங்களப் பாத்தா நான் என்ன பேசுவேன்னு எனக்கே தெரியாது. தபால்ல போட்டுருங்க"ன்னா.

தபால்ல போட்டிருக்கலாம். அதத்தான் நீங்களும் நெனக்கிறீங்க. அவ வேணாம்னு சொன்னதுக்கு அப்புறம் போறது அவளுக்காகவா எனக்காகவான்னு. எனக்காகத்தாம்மா. தபாலு பேசாதுல்ல.

காரைக்கால் தாண்டியாச்சா? அதுக்குள்ளயா? அப்போ நாகூரு வந்துரும். நான் முன்னாடி போயி நிக்கிறேன்.

அவ கதவத் தொறந்ததும் மொத வார்த்த 'நான்தான் ஊத்தினேன்'னு வரணும். அதுக்கு முன்னாடி வேற எதுவும் வரக் கூடாது. நெறம் போதலன்னு நெனச்சேன் கண்ணு, மக்கு சின்னது கண்ணு, யாரும் என்னக் கேக்கல கண்ணு, இதெல்லாம் வாயில வரிசையா நிக்குதும்மா எனக்கு. இதோ இப்பக்கூட நிக்குது.

எறங்கறேன். கொஞ்சம் வழி விடுங்க.